ஆணியில் தொங்கிய அடையாள அட்டை

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூரில் முடிகிற, டீசல் புகையும் கருவாட்டு வாசமும் கலந்த மாபெரும் சாம்ராஜ்யத்தில், பத்தொன்பது சக்கரங்களுக்கு (ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்) அதிபதியும், துறைமுக வாசல் வரிசையில் காத்துக் கிடந்தே தலை நரைத்த மாவீரனுமாகிய உன் சித்தப்பன், அண்ணன் பெற்று நான் வளர்த்த மகள் ஸ்டெல்லாவுக்கு எழுதுவது. நம் ட்ரெய்லர் ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டு மலரில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். டயர் பராமரிப்பு பற்றி எழுதச் சொன்னார்கள். டயர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். நாளை விடிந்தால் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் போகிறாய், மூன்று மாதம் அங்கிருந்துதான் கம்பெனி விமானத்தை ஓட்ட வேண்டுமாம். இதையெல்லாம் உன் முகத்துக்கு நேரே சொல்லலாமென்றால், நான் வாயைத் திறந்ததுமே நீ சிரிக்கிறாய். நான் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுக் கேட்கிற பழக்கம் உனக்குப் பால்பல் விழும் முன்பே வந்துவிட்டது. அச்சில் வந்துவிட்டால் அப்படிக் கழிக்க முடியாதல்லவா? அதனால்தான் இந்த ஏற்பாடு.

உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது உனக்கு நடக்கத்தான் தெரியும். அண்ணி ராயபுரத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக நின்று சோறு போட்டார்கள். நான் கதை போட்டேன். கடலிலிருந்து கன்டெய்னரைக் கயிறு கட்டி இழுத்த கதை, எண்ணூர் பாலத்தில் பிரேக் பிடிக்காத லாரியைக் காலால் நிறுத்திய கதை. அவற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பூமியில் நிற்குமா? ப்ளஸ் டூ முடித்ததும் விமானம் ஓட்டப் போகிறேன் என்றாய். என் இரண்டு ட்ரெய்லரில் ஒன்று உன் பயிற்சிக்காகப் போனது. ஊரில் யாராவது கேட்டால், “லாரி பறந்துபோச்சு நைனா” என்பேன். லைசென்ஸோடு திரும்பி வந்தாய். வேலை மட்டும் வரவில்லை. உன்னைப் போல லைசென்ஸ் வைத்துக்கொண்டு நாடு முழுக்க எத்தனையோ பேர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. சும்மா இருந்தால் மூளை துருப்பிடிக்கும் என்று அண்ணி உன்னை பி.எஸ்சி. இயற்பியலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இப்படித்தான் ஓர் உண்மையான விமானி, மாநகரப் பேருந்தில் படியில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போன வரலாறு ஆரம்பமானது.

வேலைக்கு நீ எழுதாத கம்பெனி இல்லை. பெரிய விமான நிறுவனங்கள் பதிலே போடவில்லை. அப்புறம்தான் சார்ட்டர் கம்பெனிகளைப் பற்றிச் சொன்னாய். சின்ன விமானம், டிக்கெட் கிடையாது, பணக்காரர் யாராவது மொத்தமாக வாடகைக்கு எடுப்பார், கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. “அட, நம்ம லாரி ஸ்டாண்டு! அத்த மேல தூக்கி வெச்சிருக்கான், அவ்ளோதான்!” என்றேன். லாரி ஸ்டாண்டில் கடுதாசி எழுதிப் போட்டா லோடு கிடைக்கும்? வாசலில் நின்றால்தான் கிடைக்கும். உனக்கும் அதையே சொன்னேன். சனிக்கிழமை கல்லூரி இல்லாத நாளில் மீனம்பாக்கத்தில் அப்படி ஒரு கம்பெனி வாசலுக்குப் போ, முகத்தைக் காட்டு, அடுத்த சனிக்கிழமையும் போ. இதுவரைக்கும் என் யோசனை தங்கம். இதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

நிறுத்தவில்லை. இரண்டாவது சனிக்கிழமை நானும் கூட வந்தேன், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, காசிமேட்டில் அன்று கரையேறியதிலேயே பெரிய வஞ்சிரத்தோடு. (திமிங்கலத்தின் தம்பி மாதிரி இருந்தது. சரி, கழித்துக்கொள்.) வேலை கேட்கப் போகிறவன் கைவீசிக்கொண்டு போகக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். ஃபோர்மேன் வீட்டுக்கு ஒரு மீன் போகாமல் யாருக்காவது துறைமுகத்தில் முதல் லோடு கிடைத்திருக்கிறதா? ஆனால் விமானக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி பெட்டியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் தலைமை விமானி வெளியே வர வேண்டுமா? விறைப்பாக நிற்கிற ஆள், விமானப் படையில் இருந்தவராம். பெட்டியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது யாரு?”

“என் சித்தப்பா சார்.”

“மீன் யாருக்கு?”

“உங்களுக்குத்தாங்கய்யா,” என்றேன். “வெறுங்கையோட வரக் கூடாது இல்லியா?”

“நான் சைவம்.”

பூமி பிளந்து என்னையும் வஞ்சிரத்தையும் விழுங்கியிருக்கலாம். உன் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் நீ ஓடவில்லை. “சார், மீனை விட்டுடுங்க. அடுத்த சனிக்கிழமையும் நான் வருவேன்,” என்றாய். அதென்ன சனிக்கிழமை என்று கேட்டார். மற்ற நாளில் காலேஜ் என்றாய். “காலேஜ் போய்க்கிட்டு இங்க எப்படிம்மா வேலை செய்வே? எங்களுக்கு எப்ப கூப்பிடுவோம்னு எங்களுக்கே தெரியாது,” என்றார். நீ சொன்னாய்: “என்னைக்கு முடியும், என்னைக்கு முடியாதுன்னு நிஜத்தைச் சொல்லுவேன் சார். அதை மட்டும் நம்பலாம்.” அவர் உள்ளே போய்விட்டார். வஞ்சிரத்தை அண்ணி குழம்பு வைத்தார்கள், நீ தொடவில்லை. இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை போனாய். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனாய். மழைக்காலம் தொடங்குவதற்குள் அவர் உன்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தேர்வு வைத்தார்கள், அந்தச் சின்ன விமானத்துக்கென்று தனிப் பயிற்சி கொடுத்தார்கள், துணை விமானி என்று எழுதி, போட்டோ ஒட்டிய அடையாள அட்டையை நீலக் கயிற்றில் மாட்டிக் கொடுத்தார்கள். கல்லூரி முதல்வரம்மாவும் வருகைப் பதிவில் உனக்கு வழிவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? திருவொற்றியூரில் நம் தெருமுனையில் பேனர் வைத்தேன். ‘வானத்தை வாடகைக்கு விடும் வடசென்னையின் வைரமே!’ அதில் உன் படம் அஞ்சல்தலை அளவு, என் படம் ஆள் உயரம். கடைக்காரன் செய்த தவறு என்று உன்னிடம் சொன்னேன். அது தவறில்லை. ஊரில் பார்க்கிறவரிடமெல்லாம், என் பெண் முதலமைச்சரைத் தூக்கிக்கொண்டு லண்டன் போகப் போகிறாள் என்று சொல்லிவைத்தேன். எல்லோரும் உன் முதல் பயணத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்த வாரம்தான் உனக்கு செமஸ்டர் பரீட்சை.

அந்த நாளைப் பற்றி எழுதும் முன், மலரைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காக நம் ஆணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி ஸ்டாண்டில் பாய் டீக்கடையின் பின்சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. ஓட்ட முடியாது என்று தோன்றுகிற ஓட்டுநர் தன் வண்டிச் சாவியை அதில் மாட்டிவிட்டுப் போகலாம். தூக்கமோ, ஜுரமோ, வீட்டில் சண்டையோ, ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. வண்டி முதலாளியும் கேட்கக் கூடாது. அவனாகச் சாவியை எடுக்கும் வரை அந்தப் பேச்சே கிடையாது. நம் மாரி, இன்னும் ஒரே ஒரு நடை என்று முதலாளி கெஞ்சியதால் தூக்கக் கண்ணோடு போய், எர்ணாவூர் பக்கம் நடுத்திட்டில் ஏற்றி ஒரு காலை இழந்தான். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, ஊன்றுகோலை பெஞ்சில் சாத்திவிட்டு, அவனே சுத்தியலால் அடித்த ஆணி அது. இப்போது ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். அந்த ஆணியின் காவல் தெய்வமும் அவன்தான்.

இனி அந்த நாள். குவாண்டம் இயற்பியல் பரீட்சை. அணுவுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக நீ இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. பரீட்சை எழுதிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. கம்பெனி. துணை விமானி ஒருவருக்கு ஜுரம், தூத்துக்குடிக்கு ஒரு சார்ட்டர், சாயங்காலத்துக்குள் வர முடியுமா? நீ என்னைப் பார்த்தாய். உன் கண் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்து வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். “வரேன் சார்,” என்று நீ சொன்னாய்.

அண்ணி மட்டும், “புள்ள தூங்கலியே,” என்றார்கள்.

“தூக்கமா?” என்றேன் நான். “இவ வயசுல நாலு நாள் தூங்காம தூத்துக்குடிக்கே ட்ரெய்லர் ஓட்டிகினு போனவன் அண்ணி நானு! இவ ஒக்காந்துகினு போறதுக்கு இன்னா?”

நீ குளித்து, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாய். மெட்ரோவில் போகிறேன் என்றாய். விமானியை மெட்ரோவில் அனுப்புவதா? ட்ரெய்லரின் பெட்டியைக் கழற்றிவிட்டு, தலையை மட்டும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன், சாமந்தி மாலையோடு. பகலில் மாநகரச் சாலையில் அது வரக் கூடாது. உன் சீருடையைக் காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தெற்கே வானம் தார் டின்னைக் கவிழ்த்த மாதிரி கறுத்திருந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டு வந்தாய். நான் லண்டன் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தேன்.

டோல்கேட்டில் மாட்டிக்கொண்டோம். முன்னால் பேருந்து, பின்னால் தண்ணீர் லாரி, இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோ, எல்லாரும் ஹாரனில் கை வைத்துவிட்டு எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் செத்தவன் எழுந்து வழிவிட்டுப் போவான். அந்தச் சத்தத்தில் நீ தூங்கிப்போனாய். வாக்கியத்தின் நடுவே தூங்கினாய். “சித்தப்பா, மேகம் அந்தப் பக்கம்...” என்றாய், அவ்வளவுதான், தலை சாய்ந்து கண்ணாடியில் டங்கென்று மோதியது. திடுக்கிட்டு விழித்தாய்.

“சித்தப்பா, ஓரங்கட்டு.”

“இன்னாம்மா, வாந்தி வருதா?”

“ஓரங்கட்டு சித்தப்பா. நான் போவல.”

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத வேண்டாமென்று பார்க்கிறேன், ஆனால் உனக்கு நினைவிருக்கும். முதல் நாளே வரமாட்டேன்னு சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவான் என்றேன். ஊர் சிரிக்கும் என்றேன். நாலு நாள் தூங்காமல் ஓட்டிய கதையை மறுபடி எடுத்துவிட்டேன். பக்கத்தில் இன்னொரு பைலட் இருக்கார்ல, அவர் பாத்துக்குவாரு, நீ சும்மா ஒக்காந்துக்கோ என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோபம்கூட இல்லை அதில். நான் யார் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு போனை எடுத்தாய். ஹாரன் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, “சார், வரேன்னு சொன்னது தப்பு. ரெண்டு நாளா தூங்கல. இன்னைக்கு நான் ஓட்டக் கூடாது,” என்றாய். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. “சரி சார்,” என்று வைத்துவிட்டாய்.

வண்டியைத் திருப்பி ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்டாண்டே கூடிவிட்டது. மாலை போட்ட வண்டி இவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தால் கூடாதா? நீ இறங்கினாய். யாரையும் பார்க்கவில்லை. நேராக பாய் கடைக்குள் போய், கழுத்திலிருந்த நீலக் கயிற்றைக் கழற்றி, லாரிச் சாவிகளோடு சாவியாக அந்த ஆணியில் மாட்டினாய். ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாய்.

“ஏய், கம்பெனி கார்டை இங்க மாட்டிட்டுப் போறா பாரு! இன்னா இது, இன்னாத்துக்கு...” என்று நான் ஆரம்பித்தேன்.

மாரி ஊன்றுகோலால் என் செருப்பை அழுத்தினான். “மாமு, ஆணில கீதுல்ல? வாய மூடு.”

“என் பொண்ணு மாரி! நான் கேக்கக் கூடாதா? நாலு நாள் தூங்காம ஓட்டினவன்டா நானு!”

“நீயா?” அவன் சிரிக்கவில்லை. “இந்த ஆணி அடிச்ச நாள்லேர்ந்து அதிகமா சாவி மாட்டினவன் நீதான். பாயைக் கேளு. மழ பேஞ்சா மாட்டுவ, அமாவாசைன்னா மாட்டுவ, பிரியாணி ஜாஸ்தியா துன்னுட்டா மாட்டுவ. எவனாச்சும் உன்ன இன்னான்னு கேட்டமா?”

பாய் டீ ஆற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். ஸ்டெல்லா, அதுதான் உண்மை. நான் வாழ்நாளில் ஒரு ராத்திரிகூடத் தூங்காமல் ஓட்டியதில்லை. கண் சொருகினால் ஓரங்கட்டிப் படுத்துவிடுவேன். அதனால்தான் இரண்டு காலோடு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு நாள் என்பது முதலில் ஒரு ராத்திரியாக இருந்தது, கேட்பவர்கள் வாயைப் பிளக்கப் பிளக்க வளர்ந்தது. கன்டெய்னர் கயிற்றையும் எண்ணூர் பாலத்தையும் கழித்துவிட்ட நீ, இதை மட்டும் ஏனோ கழிக்காமல் வைத்திருந்தாய். தூங்காமல் வேலை செய்கிறவன்தான் ஆம்பளை, தூங்காமல் படிக்கிறவள்தான் புத்திசாலி என்று என் வாயிலிருந்து விழுந்த விதை அது. அந்தக் கதைதான் அன்று உன்னை “வரேன் சார்” என்று சொல்ல வைத்தது. அந்தக் கதையை உதைத்துத் தள்ளிவிட்டுத்தான் நீ டோல்கேட்டில் போனை எடுத்தாய்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் இருக்கிறதே, அவற்றை நான் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். அட்டை ஆணியிலேயே தொங்கியது. கம்பெனியிலிருந்து போன் வரவில்லை. நீ மிச்சப் பரீட்சைக்கு எழுந்து போனாய், வந்து தூங்கினாய். உன் அறை வாசலில் அண்ணி முறத்தை வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார்கள். பேனரில் நான் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். தெருவில், “இன்னா மாமு, பிளேன் பஞ்சரா?” என்று கேட்டான் ஒருவன். நான் நடையைக் கட்டினேன். உன்னைக் கேட்கவும் முடியாது. அட்டை ஆணியில் இருக்கிறதே! “சாப்ட்டியாம்மா?” என்று மட்டும் கேட்பேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு வாசலில் எத்தனையோ சனிக்கிழமை நின்று வாங்கிய வேலை, ஒரே போனில் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த விமானத்துக்கு ஏதாவது ஆனதா என்று செய்தியைக்கூட ரகசியமாகத் தேடினேன். ஒன்றும் ஆகவில்லை. வேறு யாரையோ வைத்துக்கொண்டு பத்திரமாகப் போனார்கள், பத்திரமாக வந்தார்கள். ஏதாவது ஆகியிருந்தால் நீ சொன்னதுதான் சரி என்று ஊருக்குச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. எவ்வளவு கேவலமான நினைப்பு! சரியென்று காட்ட எவனாவது சாக வேண்டுமா? ஒன்றும் ஆகாத நாளில்தான் அம்மா, முடியாது என்று சொல்வதற்கு நிஜமான நெஞ்சுரம் வேண்டும். சாட்சி சொல்ல ஒருத்தரும் வர மாட்டார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று நீ ஸ்டாண்டுக்கு வந்து எங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தாய். போன் அடித்தது. அந்தச் சைவக் கேப்டன். பாய் பாய்லரை அணைத்தார். மாரி ஊன்றுகோலைத் தூக்கி எல்லாரையும் அடக்கினான். நீ ஸ்பீக்கரில் போட்டாய்.

“பரீட்சை முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார்.”

“தூங்கினியா?”

“தூங்கினேன் சார்.”

“அன்னைக்கு வரேன்னு சொன்னது தப்பு. அதுக்குத் திட்டு உண்டு, நேர்ல வா, திட்டறேன். வரலைன்னு சொன்னது சரி. அதுக்குப் பாராட்டெல்லாம் கிடையாது, அது உன் வேலை. திங்கட்கிழமை காலைல ரிப்போர்ட் பண்ணு.” வைக்கும் முன் ஒன்று சேர்த்தார். “சித்தப்பாவை மீன் இல்லாம வரச் சொல்லு.”

ஸ்டாண்டில் அடித்த ஹாரனில் எண்ணூர் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் தங்களை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கிளம்பிவிட்டன. (கழித்துக்கொள்.) நீ எழுந்து போய் ஆணியிலிருந்து அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாய். அதற்கப்புறம்தான் மாரி உன்னைப் பார்த்து, “இப்ப கேக்கலாமா தாயி? அன்னிக்கு இன்னா ஆச்சு?” என்றான். நீ சொன்னாய். சுருக்கமாகத்தான் சொன்னாய். நான் கத்தியதை மட்டும் சொல்லாமல் விட்டாய். அதை நானே இங்கே எழுதிவிட்டேன், கணக்கு சரி.

நாளைக்குப் போகிறாய். பெங்களூரில் உன்னைச் சுற்றி என்னை விடப் பெரிய சித்தப்பன்கள் இருப்பார்கள். விமானத்தை வாடகைக்கு எடுத்தவர் அவசரம் என்பார். இன்னும் ஒரே ஒரு நடை என்பார்கள். மூடுபனியிலேயே விமானத்தை இறக்கியவன் நான் என்று அங்கே யாராவது கதை சொல்வார்கள். அவர்கள் எந்த ஆணியில் எத்தனை முறை மாட்டியவர்களோ, யார் கண்டது? அடுத்த செமஸ்டர் பரீட்சை வரும்போது கம்பெனியில் முன்கூட்டியே சொல்லிவிடு, தூங்கிவிட்டுப் படி. மார்க் குறைந்தால் குறையட்டும், குவாண்டம் ஓடியா போய்விடும்? அங்கே உன் அறைச் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரோ என்னவோ. விடாவிட்டால் பரவாயில்லை. என்னைக் கூப்பிடு. “சித்தப்பா, இன்னைக்கு மாட்டிட்டேன்,” என்று ஒரு வார்த்தை போதும். சத்தியமாக ஏன் என்று கேட்க மாட்டேன். வாய் துடிக்கும், பாதித் தெரு என்னைச் சுற்றி நின்று கேட்கும். ஆனாலும் சாப்ட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

பேனரை நேற்று இறக்கிவிட்டேன். புதிதாக ஒன்று அடிக்கக் கொடுத்திருக்கிறேன். இதில் நீ ஆள் உயரம், நான் அஞ்சல்தலை அளவு. எழுத்து எதுவும் இல்லை. நீ கழிக்க வேண்டியது எதுவும் அதில் இருக்காது.